மலையகப் பாடசாலைகளில் கடேற் பயிற்சி: ஓர் ஆண்டு எப்படிப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளில் கடேற்றில், அதாவது மாணவர் படையில், சேரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. டிரில் என்ற அணிநடைப் பயிற்சியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் பயிற்சி முகாமில் பிள்ளையை மூலையில் உட்கார வைப்பது பெரும்பாலும் கொப்புளமும், ஈரச் சப்பாத்தும், தண்ணீர் குடிக்காததும்தான். ஆகவே அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம்.

கடேற்றில் சேர்ந்தால் பிள்ளையை இராணுவத்துக்கு எடுத்துவிடுவார்களா?

இல்லை. தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது என்பதால் இந்தப் பயம் வருகிறது. சேர்வது மாணவரின் விருப்பம். பாடசாலையை விட்டு விலகும்போது கடேற்றும் முடிந்துவிடும். பிளட்டூன் என்னும் கடேற் அணிக்குப் பொறுப்பாக இருப்பவர் அதே பாடசாலையின் ஆசிரியர். படையணியில் அதிகாரித் தரம் பெற்றவர் என்றாலும் மற்ற நேரத்தில் கணக்கோ வரலாறோ படிப்பிப்பவர்தான். முப்படையிலிருந்து வரும் பயிற்றுநர்கள் அவருக்குத் துணை. இலங்கையில் இது புதிய ஏற்பாடும் இல்லை: 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது.

இடையில் விலக நினைத்தால் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, பாடசாலை தந்த பெல்ட், தொப்பி, சின்னங்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

தோட்டத்தில் ‘பெரட்டு’ என்கிறோமே, அதுவும் பரேட்டும் ஒன்றா?

ஒரே சொல்தான். துரைமார் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்பிய பரேட், தோட்டத்து வாயில் பெரட்டு ஆனது. அந்தக் களத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பல தோட்டங்களில் மட்டமான நிலம் என்று இருப்பதே அந்தக் களம்தான். பிள்ளைகள் விடுமுறையில் டிரில் பழகுவதும் அங்கேயே. தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பழகுங்கள்.

ஓர் ஆண்டில் எந்த நேரத்தில் என்ன பயிற்சி?

நாட்காட்டியை விட மழையைப் பார்த்துத் திட்டமிடுவது நல்லது. மலையகத்துக்கு ஒரே காலநிலை இல்லை.

ஆண்டின் தொடக்கத்தில் புதியவர்களுக்கு அடிப்படை டிரில், பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்பு, பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி. இல்லங்களின் அணிநடைக்கும் புள்ளி உண்டு என்பதால் அந்த வாரங்களில் கடேற் பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளுக்கு வாத்தியார். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும் பின்னேரம் இடிமின்னல். திறந்த மைதானத்தில் பயிற்சியைப் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இடி கேட்டாலே உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். மரத்தடியும் கொடிக்கம்பமும் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

மே முதல் செப்டெம்பர் வரை ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை. வரைபட வாசிப்பு, முதலுதவி, முடிச்சுப் போடுதல், பொது அறிவு எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி மண்டபத்தில் நடத்துங்கள். அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, தியத்தலாவை, காய்ந்து கிடக்கும். காற்று மட்டும் அடிக்கும். அங்கே ஓட்டத்துக்கும் மைதானப் போட்டிக்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. ஒக்டோபரிலிருந்து கணக்கு தலைகீழ்: மறுபடி இடிமழை, அதன்பின் ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழை. பரீட்சைக்குப் போகும் மூத்தவர்கள் விலக, சார்ஜன்ட், கோப்ரல் தரங்கள் அடுத்தவர்களுக்குக் கைமாறும்.

முகாம் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த மாதத்தில் வந்தாலும் 12 வாரத் தயாரிப்பு கையில் இருக்கட்டும்.

டிரில்லில் புதியவர்கள் எங்கே பிழைவிடுகிறார்கள்?

நான்கு இடங்களில்.

முதலாவது, கை கால் ஒரே பக்கமாகப் போவது. இடது கால் போகும்போது வலது கை முன்னே வர வேண்டும். சாதாரணமாக நடக்கும்போது எல்லாருக்கும் அது சரியாகத்தான் வருகிறது, கவனித்தால்தான் குழம்புகிறது. அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுத் திட்டினால் இன்னும் மோசமாகும். கையை ஆட்டாமல் இருபது அடி நடக்கவிட்டு, நடையை நிறுத்தாமலே கையைத் தளரவிடச் சொல்லுங்கள். தானாக வந்துவிடும்.

இரண்டாவது, அடியின் நீளம். விரைவு நடையில் ஓர் அடி 30 அங்குலம், ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 120 அடி. உயரமான பிள்ளை 90 வைக்கும், குட்டைப் பிள்ளை 60 வைத்து ஓடும். மைதானத்தில் 15 மீற்றர் நீளத்துக்கு 75 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக மரத்தூளோ சுண்ணாம்போ தூவி, ஒவ்வொருவரையும் இருபது அடியில் கடக்கச் சொல்லுங்கள். வேகத்துக்குக் கைபேசியில் தாளக்கருவிச் செயலியை 120இல் வைத்தால் போதும்.

இங்கே மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் மைதானங்கள் பல சரிவானவை. இறக்கத்தில் அடி நீளும், ஏற்றத்தில் குறுகும். அணி எப்போதும் நடுவில் உடையும். சரிவுக்குக் குறுக்காக, தேயிலை வரிசை போகிற மாதிரி, மட்டத்தோடு நடக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, அசைவுகளுக்கு இடையிலான நிறுத்தம். ‘வலப்புறம் திரும்பு’ என்பதில் திரும்புவது ஒன்று, காலைச் சேர்ப்பது இன்னொன்று. நடுவே சுமார் ஒரு வினாடி இடைவெளி. அவசரப்படுகிற பிளட்டூனில் முப்பது கால் முப்பது சத்தம் போடும்.

நான்காவது, காலை ஓங்கிக் குத்துவது. சீமெந்துத் தரையில் முதல் மாதமே இடித்தால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வரும். ஆரம்பத்தில் பாதத்தை ஒரு சாண் அளவு தூக்கினால் போதும். எலும்பின்மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, எலும்பில் வெடிப்பாக இருக்கலாம்.

கட்டளைகள் எந்த மொழியில்?

பாடசாலையில் ‘நேராக நில்’, ‘இலகுவாக நில்’ என்று பழகியிருப்பார்கள். முகாமில் பெரும்பாலும் சிங்களம்: ‘சீருவென்’, ‘பஹசுவென்’, ‘வமட்ட’, ‘தகுனட்ட’. அர்த்தம் தெரிந்தும், கேட்டவுடன் உடம்பு அசையாமல் அரை வினாடி பிந்துவதுதான் தமிழ்ப் பாடசாலைப் பிளட்டூன்கள் புள்ளி இழக்கும் இடம். முகாமுக்கு ஒரு மாதம் முன்பிருந்து சிங்களக் கட்டளையில் மட்டும் பழகுங்கள். கட்டளையோடு சாப்பாட்டுக் கூடம், வைத்தியர், தண்ணீர், வயிற்றுவலி, அனுமதி கேட்பது என்று ஒரு நாற்பது சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பிள்ளை சுகவீனத்தை மறைத்துக்கொண்டு நிற்காது.

பரேட்டில் மயங்கி விழுவது ஏன்?

வெறும் வயிறு, முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்பது, வெயில். மூன்றும் சேர்ந்தால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். பிளேன்டீயோடு வராமல் ரொட்டியோ சோறோ சாப்பிட்டு வரட்டும். நிற்கும்போது முழங்காலை மயிரிழை தளர்த்தி, சப்பாத்துக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி விட வேண்டும், வெளியே தெரியாது. கண் இருட்டினால் அப்படியே ஒரு முழங்காலை மடித்து உட்காரச் சொல்லிக் கொடுங்கள். மானம் பார்த்து நின்று முகம் குப்புற விழுந்தால் பல் போகும்.

சப்பாத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு எப்படி வருகிறது?

பொறுமையால், பொலிஷ் டின்னின் விலையால் அல்ல.

புதுச் சப்பாத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, முழுவதும் பொலிஷ் பூசி ஓர் இரவு வையுங்கள். காலையில் பிரஷ்ஷால் தேயுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் தோலின் துளைகள் மூடும். அதன்பின் பஞ்சை நனைத்து இறுகப் பிழிந்து, நுனியில் பொலிஷைத் தொட்டு எடுத்து, முன்னந்தொப்பியில் (சப்பாத்தில் கால்விரலை மூடும் முன்பகுதியில்) சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மங்கும், பிறகு தெளியும். தெளிந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம். ஒரு பூச்சுக்கு நான்கைந்து நிமிடம். எட்டுப் பத்துப் பூச்சுக்குப் பிறகு கூரைத் தகரத்தின் வரி அதில் தெரியும்.

சொதப்புவது இரண்டு விதம். ஒன்று, பொலிஷை அள்ளிப் பூசுவது: அது அப்பமாகப் படிந்து உரியும். மற்றது, சப்பாத்து மடங்கும் இடத்திலும் தடிப்பாக ஏற்றுவது: முதல் பத்து அடியிலேயே வெடித்துக் கோடு விழும். கண்ணாடிப் பூச்சு முன்னந்தொப்பிக்கும் குதிக்கும் மட்டும்.

நுவரெலியாக் குளிரில் பொலிஷ் கல்லாக இறுகும். டின்னை வெயிலில் வையுங்கள், அல்லது கொதித்து இறக்கிய கேத்தலின் மூடிமேல் ஒரு நிமிடம் வையுங்கள். அடுப்பு நெருப்பில் காட்டவே கூடாது, அது பற்றிக்கொள்ளும்.

மழையில் நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைத்தால் என்ன?

தோல் வெடிக்கும், அடி பிளக்கும். லயத்து வீடுகளில் இதுதான் வழக்கம், சப்பாத்து ஆறு மாதத்தில் போவதும் இதனால்தான். உள்ளடியைக் கழற்றித் தனியே காயவிடுங்கள். பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றுங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறை மாற்றினால் காலையில் போடலாம். மேஸ் (காலுறை) மட்டும் அடுப்புக்கு மேலே கொடியில் காயட்டும்.

கொப்புளம் வராமல் இருக்க?

புதுச் சப்பாத்தை முகாமில் முதல்முறை போடாதீர்கள். மூன்று வாரம் முன்பிருந்து நாளைக்கு ஒரு மணிநேரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும். மெல்லிய மேஸ் உள்ளே, தடித்தது வெளியே என இரண்டு போட்டால் உராய்வு தோலில் படாது. குதியில் சூடு தெரிந்த உடனேயே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். நீர் கட்டிய பிறகு பாதிப் பயன்தான். கட்டிய கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது.

சீருடைக்குக் கஞ்சி போடுவது எப்படி?

ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு லீற்றர் கொதிநீரில் ஊற்றிக் கிளறி, வடிகட்டி, ஆறியபின் நனைக்கவும். வடிகட்டாவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். முழுதாகக் காயவிடாமல் அரை ஈரத்தில் உட்புறமாகத் திருப்பி அயன் பண்ணுங்கள். மழைக்காலத்தில் கஞ்சியைப் பாதியாகக் குறைக்கவும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பித்தளைச் சின்னத்துக்குப் பிராசோ போடும்போது துணியில் படாமல் ஓர் அட்டையில் துளையிட்டுச் சின்னத்தை மட்டும் வெளியே விட்டுத் துடைக்கவும்.

ஓட்டப் பயிற்சி? தேயிலை மலையில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைக்கு அது வேறு தேவையா?

தேவை. ஏறி இறங்கும் பிள்ளைக்கு மூச்சும் தொடைப் பலமும் இருக்கும். மட்டமான தரையில் ஒரே வேகத்தில் ஓடும் பழக்கம் இருக்காது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மூன்றாவது சுற்றில் நடக்கும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். முதல் நான்கு வாரம் பேச முடிகிற வேகத்தில் 20 நிமிடம். அடுத்த நான்கு வாரத்தில் அதை 30 ஆக்கி, ஒரு நாளை மட்டும் 400 மீற்றர் ஆறு தடவை, இடையே இரண்டு நிமிட ஓய்வு என மாற்றுங்கள். கடைசி நான்கில் ஒருமுறை போட்டித் தூரம் முழுவதையும் நேரம் பார்த்து ஓடட்டும்; போட்டிக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைக்கவும். 400 மீற்றருக்கு மைதானம் இல்லையென்றால் வீதியின் கிலோமீற்றர் கல்லை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடந்து வரவேண்டும். முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான். பஸ் வரும் வளைவான வீதியில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாக, ஒற்றை வரிசையில். பனிமூட்டத்தில் வீதி ஓட்டமே வேண்டாம்.

கயிறிழுத்தலில் பலசாலிகள் தோற்பது ஏன்?

ஒரு நேரத்தில் இழுக்காததால். ஓர் அணிக்கு எட்டுப் பேர், எதிரணியை 4 மீற்றர் இழுத்தால் வெற்றி. கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர். உள்ளங்கைகள் இரண்டும் மேல்நோக்க வெறுங்கையால் பிடித்து, கயிறு உடம்புக்கும் மேற்கைக்கும் இடையே போக வேண்டும். கடைசி ஆள் கயிற்றை முதுகில் குறுக்காகக் கொண்டுபோய் எதிர்த் தோளின் மேலாக எடுத்து, மிச்சத்தைக் கக்கத்தின் கீழாகப் பின்னால் விடுவார். அதைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வது ஆபத்து; விரல் போகும்.

கையால் இழுப்பவர் களைப்பார். கை நீட்டியபடி பூட்டியிருக்க, உடம்பைப் பின்னால் சாய்த்துக் கால் தள்ள வேண்டும். எதிரணி மூச்சு வாங்கும் கணத்தைச் சொல்ல வெளியே ஒரு குரல் வேண்டும். நல்ல அணிகள் முதலில் பிடித்து நிற்கும், பிறகுதான் நகரும்.

மற்ற விளையாட்டுகள்?

கரப்பந்தாட்டம், எல்லே, தடகளம். கரப்பந்து வலை ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர், பல பாடசாலைகளில் நடுவில் தொய்ந்து கிடக்கும் வலையில் பழகிவிட்டு வெளியே போய்த் தடுமாறுகிறார்கள். நடுவில் அளந்து கட்டுங்கள்.

வரைபட வாசிப்பில் புள்ளி எங்கே போகிறது?

இடத்தைக் குறிக்கும் எண்களை, அதாவது ஆள்கூறுகளை, எழுதும் வரிசையில். முதலில் கிழக்கு (கிடையாக), பிறகு வடக்கு (மேலே). மாறினால் இடம் அடுத்த மாவட்டத்தில் விழும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். ஆனால் வரைபடத்துக் கிலோமீற்றரும் மலைக் கிலோமீற்றரும் ஒன்றல்ல. மணிக்கு 5 கிலோமீற்றர், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி என்று கணக்கிடுங்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, அகன்றால் மெதுவான சரிவு. உங்கள் தோட்டத் தாளையே எடுத்து, ஆறு, ஃபெக்டரி, கோவில் மூன்றையும் கண்டுபிடித்து நேரில் நின்று பொருத்திப் பார்த்தால் ஒரே பின்னேரத்தில் பிடிபடும்.

துப்பாக்கிச் சுடுதல் எப்படி இருக்கும்?

பொயிண்ட் 22 ரைபிளில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சுடுதிடலில் மட்டும். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் குழாய் ஆளை நோக்கக் கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் பிழைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே.

படுத்த நிலையில் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆறேழு வினாடிக்குள் சுடுங்கள். முடியாவிட்டால் மூச்சு விட்டு மீண்டும் தொடங்குங்கள். ஐந்து ஓட்டைகளும் ஓரிடத்தில் சேர்ந்து, நடுவை விட்டு விலகியிருந்தால் நல்ல செய்தி: பிடி சரி, குறிகாட்டியைத் திருத்தினால் போதும். சிதறியிருந்தால் மூச்சோ விசையைச் சுண்டுவதோ காரணம்.

முகாம் தியத்தலாவையிலா, ரந்தம்பேயிலா?

தியத்தலாவையில் 1900இல் தென்னாபிரிக்கப் போயர் போர்க் கைதிகளுக்காக முகாம் அமைந்தது. பின்னர் அது படைநகரமாக நிலைத்து, கடேற் முகாம்களும் நெடுங்காலம் அங்கேதான் நடந்தன. இப்போது படையணியின் பயிற்சி நிலையம் மகாவலிக் கரையில் ரந்தம்பேயில் இருக்கிறது. முதுநிலைப் பிளட்டூன்களின் ஹேர்மன் லூஸ் சவால் கிண்ணப் போட்டி அங்கேதான்.

மலையகப் பிள்ளைக்கு இந்த இடமாற்றம் பெரிய விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ரந்தம்பே 200 மீற்றருக்கும் கீழே, உலர்ந்த வெப்ப நிலம். குளிரில் வளர்ந்த பிள்ளைக்குத் தாகம் பிந்தித்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று நாளும் தாகத்தைக் காத்திராமல் குடிக்க வேண்டும்: பயிற்சி நாளில் 3 முதல் 4 லீற்றர், பிரித்துப் பிரித்து, ஒரு மணிநேரத்தில் ஒரு லீற்றருக்கு மேற்படாமல். சிறுநீர் தேத்தண்ணி நிறமானால் போதாது என்று அர்த்தம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் மட்டமாக வழித்துக் கரைத்துக் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி உடலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே வைத்தியரைக் கூப்பிடுங்கள். காத்திருக்க வேண்டாம்.

பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

சீருடை இரண்டு, உடற்பயிற்சி உடை மூன்று, மேஸ் ஆறு சோடி, உள்ளாடை எட்டு, ரப்பர் செருப்பு, துவாய், போர்வை, சவர்க்காரம், பொலிஷ், பிரஷ், ஊசி நூல், உதிரிப் பொத்தான், சப்பாத்து நூல் ஒரு சோடி கூடுதலாக, டோர்ச், ஒரு லீற்றர் போத்தல், பூட்டும் இரண்டு சாவியும். ஒரு சாவி பொறுப்பாசிரியரிடம் இருக்கட்டும். மருந்து உட்கொள்ளும் பிள்ளையின் மருந்துச் சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்; ஒரே நிற மேஸ் முப்பது பேரிடமும் இருக்கும்.

தங்குமிடப் பரிசோதனைக்குப் போர்வையின் மடிப்பு எல்லாக் கட்டிலிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அகலத்துக்கு ஓர் அட்டை வெட்டி எடுத்துப் போங்கள். அட்டையைச் சுற்றி மடித்து, உருவி எடுத்தால் முப்பதும் ஒன்றாக நிற்கும்.

பெண் பிள்ளைகளுக்கு?

பெண்கள் பிளட்டூன் உண்டு, பயிற்சியும் அதேதான். கூடவே பொறுப்பாசிரியை வருகிறாரா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடியைத் தொப்பிக்குள் அடங்கும்படி பின்கழுத்தில் தாழ்த்திக் கொண்டை போட வேண்டும். உச்சியில் போட்டால் தொப்பி நிற்காது. மாதவிடாய் நாளில் ஓட்டத்திலிருந்து விலக வேண்டுமென்றால் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை போதும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கவும். நப்கின் கூடுதலாகவே வையுங்கள்.

அட்டை கடித்தால்?

பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் வாய்ப் பக்கத்தை வழித்துத் தள்ளினால் விழும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி அழுத்திப் பிடியுங்கள்; இரத்தம் சற்று நேரம் வடியும், பயமில்லை. போகுமுன் மேஸில் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்தால் ஏறுவது குறையும்.

பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கிடைக்குமா?

இசட் புள்ளியில் கடேற் சான்றிதழுக்காக எதுவும் கூட்டப்படாது. வேலை நேர்முகத்தில் காட்டலாம். பரீட்சை ஆண்டில் பிள்ளையைப் பிளட்டூனிலிருந்து விலக்கிக்கொள்வதில் தவறில்லை.

முகாம் முடிந்து வந்தபின் சாமான்களை எப்படி வைப்பது?

பெட்டியை அப்படியே கட்டிலடியில் தள்ளிவிடாதீர்கள். மலையக ஈரத்தில் பத்து நாளில் பூஞ்சணம் பூக்கும். சீருடையைக் கஞ்சியில்லாமல் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து மடியுங்கள். கஞ்சியோடு வைத்த துணியைக் கரப்பான் அரிக்கும். பெல்ட்டைச் சுருட்டாமல் தொங்கவிடுங்கள். சப்பாத்துக்கு ஒரு பூச்சு பொலிஷ், உள்ளே பத்திரிகைத் தாள். கால் வளர்கிற வயது என்பதால் அடுத்த ஆண்டு அது போதாது. அளவைச் சுண்ணாம்பால் அடியில் எழுதி, கீழ்வகுப்புப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.